டம்ளர் ஏன் வியர்க்கிறது? சிறு குழந்தைகளோடு வீட்டில் செய்து பார்க்கும் வானிலைச் சோதனைகள்

குழந்தைகளுக்கான வானிலைச் சோதனைகளைத் தேடினால் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பலூனைக் கம்பளியில் தேய்க்கச் சொல்வார்கள். ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியை வரையச் சொல்வார்கள். ஆவணி மாதத்துச் சென்னையில் கம்பளியைத் தேய்த்தால் மிஞ்சுவது வியர்வைதான். குழந்தை ஏமாந்துபோய் "அறிவியல் பொய்" என்ற முடிவுக்கு வருவதற்கு இப்படிப்பட்ட இரண்டு மாலைகள் போதும்.

நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற சோதனைகள் வேறு. புழுக்கம், கடற்காற்று, ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும் மழை ஆகியவற்றை நம்பிச் செய்பவை அனேகமாகத் தவறுவதில்லை. 4 முதல் 8 வயதுக் குழந்தைகளோடு செய்யக்கூடியவற்றை இங்கே தந்திருக்கிறேன். எது இங்கே சரிப்படாது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு விதி. சோதனையைத் தொடங்கும் முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள், பதிலைக் குழந்தையின் கையாலேயே படமாக வரையவையுங்கள். விளக்கம் பிறகு வரட்டும். ஊகம் சொல்லாத குழந்தைக்குச் சோதனை வெறும் வேடிக்கையாகிவிடும்.

கைக்கு வேண்டியவை

எவர்சில்வர் டம்ளர்கள், அகன்ற வாயுள்ள கண்ணாடிப் பாட்டில், பனிக்கட்டி, கல் உப்பு, ஊதுபத்தி, ஸ்கேல், டார்ச், ஒரு நோட்டு. இவற்றோடு ஒரு வெப்பமானியும் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. பாதரசம் உள்ள கண்ணாடி வெப்பமானியைக் குழந்தைகள் அருகில் கொண்டுவரவே வேண்டாம். மீன்தொட்டி விற்கும் கடைகளில், நுனியில் உணரியுள்ள ஒயரோடு சிறிய டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும். விலை குறைவு, உணரி தண்ணீரில் நனைந்தாலும் கெடாது. இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் இரண்டையும் ஒரே டம்ளர் தண்ணீரில் சற்று நேரம் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரி வேறுபட்டால் அதை நோட்டில் எழுதிவையுங்கள். கருவியைச் சரிபார்ப்பதும் சோதனையில் ஒரு பகுதிதான். பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த வேலைக்கே கொடுத்தார். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத்தில் இருந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்காக 100 அளவிலான கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தியவர் அவர். ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

வியர்க்கும் டம்ளர்

ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் நாள் பீட்ரூட்டைத் துண்டாக்கி வேகவைத்து, சிவந்த தண்ணீரை வடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஒரு டம்ளரில் அந்தக் குளிர்ந்த தண்ணீரையும், இன்னொன்றில் குளிராத பீட்ரூட் தண்ணீரையும் ஊற்றி, மேசையில் சற்றுத் தள்ளித் தள்ளி வைக்கவும். இரண்டின் வெளிப்புறத்தையும் முன்கூட்டியே நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

சில நிமிடங்களில் குளிர்ந்த டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் அரும்பும். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். அனேகமாக எல்லாக் குழந்தைகளும் "உள்ளே இருந்து கசிந்தது" என்பார்கள். மறுக்காதீர்கள். ஒரு வெள்ளைத் துணியைக் கையில் கொடுத்து வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். துணி சிவக்காது. கசிந்திருந்தால் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? குளிராத டம்ளரில் ஏன் எதுவுமே இல்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் குழந்தை சற்று நேரம் திண்டாடட்டும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது, குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் அது துளியாகிறது என்பதைத் தானாகச் சொல்லும் குழந்தையும் உண்டு. சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லும்போது அது காதில் ஏறும்.

எண்களைப் படிக்கத் தெரிந்த குழந்தையென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

1. பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைப் பாதியளவு ஊற்றி, வெப்பமானியின் உணரியை உள்ளே போடவும்.
2. ஒவ்வொரு சிறு பனிக்கட்டியாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கவும். ஒன்று கரைந்த பின்தான் அடுத்தது.
3. குழந்தையின் வேலை, டம்ளரின் வெளிப்புறத்தை விரலால் அவ்வப்போது கோடு கிழித்துப் பார்ப்பது. கோடு தெரிந்தால் மங்கல் படிந்துவிட்டது என்று பொருள்.
4. முதன்முதலாகக் கோடு தெரிந்த நொடியில் வெப்பமானி காட்டும் எண்ணை எழுதவும்.

அந்த எண்தான் பனிநிலை. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதற்கான நேரடி அளவு. கடலோரத்தில் மழைக்காலத்தை ஒட்டிய நாட்களில் அது 24, 25 டிகிரி அளவில் இருக்கும். அதாவது ஒன்றிரண்டு பனிக்கட்டியிலேயே மங்கல் விழுந்துவிடும். தை, மாசியில் கோவையிலோ மதுரையிலோ செய்தால் நிறையப் பனிக்கட்டி தேவைப்படும். எண் உயர்ந்த நாளில் நமக்கும் வியர்வை உலராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பாட்டி வீட்டுக்குப் போகும்போது அங்கேயும் அளந்து பார்க்கலாம்.

இதே டம்ளரைக் காலி செய்து, நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு போட்டுக் கரண்டிக் காம்பால் கிண்டிப் பாருங்கள். கலவை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போய்விடும். வெளிப்புறத்தில் முதலில் நீர்த்துளியும், பிறகு வெள்ளைப் பொடிபோல உறைபனியும் படியும். உதகையில் மார்கழி, தை மாத விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது இதனால்தான். இந்த டம்ளரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும்.

துளியாவதைப் பார்த்தவர்கள் ஆவியாவதையும் பார்த்துவிடலாம். ஒரே அளவுக் கைக்குட்டைகள் மூன்றை நனைத்துப் பிழிந்து, ஒன்றை மின்விசிறியின் கீழும், ஒன்றை மூடிய குளியலறையிலும், ஒன்றை மொட்டைமாடிக் கொடியிலும் போட்டு எது முதலில் உலர்கிறது என்று பந்தயம் கட்டினால் போதும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாட்டிலுக்குள் மேகம்

வெந்நீர் ஊற்றுவதும் ஊதுபத்தி கொளுத்துவதும் பெரியவர் வேலை. மற்றதையெல்லாம் குழந்தை செய்யலாம்.

பாட்டிலை முதலில் மிதமான வெந்நீரால் கழுவிக்கொள்ளுங்கள். திடீரென்று கொதிநீர் பட்டால் கண்ணாடி விரிந்துவிடும். பிறகு இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றி, வாயின்மேல் பனிக்கட்டி நிரப்பிய சிறு எவர்சில்வர் தட்டை வைக்கவும். பின்னால் கறுப்புத் துணியோ தாளோ இருக்கட்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கவும். இப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தட்டை இலேசாகத் தூக்கி, அணைத்த ஊதுபத்தியின் புகையை இரண்டு நொடி உள்ளே விட்டு, உடனே மூடவும். பாட்டிலுக்குள் வெள்ளையாகத் திரண்டு சுழல்வது தெரியும். தட்டை எடுத்தால் மெல்ல வெளியே வழியும்.

பல செய்முறைகள் இதோடு முடிந்துவிடுகின்றன. அது போதாது. சூட்டிகையான குழந்தை "இது மேகம் இல்லை, ஊதுபத்திப் புகை" என்று சொல்லும், சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக இன்னொரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, பனிக்கட்டி இல்லாத தட்டால் மூடி, அதே அளவு புகை விடுங்கள். அங்கே மெல்லிய படலம்தான் இருக்கும். வெந்நீரும் பனிக்கட்டியும் இருந்து புகை இல்லாத பாட்டிலில் மேகம் சரியாகத் திரளவில்லை என்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. நீராவி, குளிர்ச்சி, பற்றிக்கொள்ள ஒரு துகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மேகம். வானத்தில் அந்தத் துகள் கடல் உப்பாக இருக்கலாம், தூசாக இருக்கலாம், புகையாகவும் இருக்கலாம். நாம் பார்க்கும் மேகம் நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகம் என்பது விழாமல் மிதக்கும் அளவுக்குச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம்.

சற்று நேரம் பொறுத்தால் தட்டின் அடியில் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கீழே சொட்டும். மறுநாள் காலை இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மழைமானி

இதற்கு ஒரு பருவம் முழுவதும் தேவை. புரட்டாசிக் கடைசியில் செய்து வைத்துவிட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவமழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

குளிர்பானப் பாட்டிலை வெட்டித் தலைகீழாகச் செருகுவது வழக்கமான முறை. அந்தப் பாட்டில்களின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், அளவு பிசகும். அதைத்தான் செய்ய வேண்டுமென்றால், நேரான பக்கங்கள் உள்ளதைத் தேர்ந்து, அடியில் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாகக் குறிக்கவும். என் தேர்வு, தட்டையான அடியும் நேரான சுவரும் உள்ள எவர்சில்வர் டப்பா. வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருந்தால், டப்பாவில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. கணக்கே வேண்டாம்.

ஸ்கேலில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பெரும்பாலான பிளாஸ்டிக் ஸ்கேல்களில் பூஜ்யத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். அப்படியே டப்பாவில் விட்டால் ஒவ்வொரு நாளும் மழை குறைந்து காட்டும். அந்த நுனியை வெட்டிவிடுங்கள், அல்லது பூஜ்யம் சரியாக நுனியில் தொடங்கும் இரும்பு ஸ்கேலைப் பயன்படுத்துங்கள்.

டப்பாவை மொட்டைமாடியின் நடுவில், மரக்கிளையும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில், இரண்டு செங்கற்களுக்கு இடையே வைக்கவும். கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் ஒரு பக்கக் காற்றில் அடிக்கும் மழை உள்ளே விழாது. தினமும் காலை 8.30 மணிக்கு அளப்பது நல்லது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 24 மணி நேர மழையை 8.30 மணிக்குத்தான் கணக்கிடுகிறது. நாளிதழில் வரும் அளவும் அதுவே. பள்ளி நாட்களில் 8.30 சரிப்படாது என்றால் 7 மணிக்கு அளக்கலாம், ஆனால் தினமும் அதே 7 மணி.

அளந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மழை இல்லாத நாளிலும் டப்பாவை எட்டிப் பார்த்துக் காலி செய்யுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீரே தாராளம்.

பிறகு வருவதுதான் சுவையான பகுதி. உங்கள் டப்பாவின் அளவையும் நாளிதழில் உங்கள் ஊருக்குப் போட்டிருக்கும் அளவையும் அருகருகே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நுங்கம்பாக்கத்தில் கொட்டும் மழை மீனம்பாக்கத்தில் தூறலாக முடிவதுண்டு. அதைக் குழந்தை தானே கண்டுபிடிப்பது, பத்துப் பாடங்களுக்குச் சமம். தொலைக்காட்சியில் கேட்கும் சொற்களுக்கும் அளவு உண்டு: ஒரே நாளில் ஏறத்தாழ 6.5 செ.மீ. தொட்டால் கனமழை, 11.5 செ.மீ. தாண்டினால் மிக கனமழை, 20.4 செ.மீ. தாண்டினால் அதி கனமழை. இந்த மூன்று உயரங்களையும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுங்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அந்தக் கோட்டையும் போட்டுவிட்டு, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தால் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலை கிட்டத்தட்ட அங்கே வந்து நிற்கும்.

பெருக்கல் தெரிந்த அண்ணனோ அக்காவோ இருந்தால் ஒரு கணக்கு கொடுக்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்கு எவ்வளவு? சுமார் 930 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 62 குடம். மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் எங்கே போகிறது என்ற கேள்வி அடுத்ததாக வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது?

காகிதக் கோப்பையில் மணல் நிரப்பி, ரப்பர் உள்ள பென்சிலை அதில் நட்டு நிறுத்தவும். உறிஞ்சுகுழலின் ஒரு நுனியில் சிறிய முக்கோண அட்டையும் மறு நுனியில் அதைவிட நாலைந்து மடங்கு பெரிய சதுர அட்டையும் செருகவும். குழலை ஒரு விரலில் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே குண்டூசியைக் குத்திப் பென்சிலின் ரப்பரில் இறக்கவும். குழல் தடையில்லாமல் சுழல வேண்டும். பெரிய வாலைக் காற்று தள்ளுவதால், சிறிய தலை காற்று வரும் திசையைக் காட்டும். குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் இங்கே குழம்புவார்கள்: கிழக்குக் காற்று என்றால் கிழக்கிலிருந்து வருவது. பால்கனியில் இது பயனற்றது. கட்டடத்தில் மோதித் திரும்பும் காற்றையே அது காட்டும். மாடிக்குப் போங்கள்.

கடலோர ஊர்களில் கோடை நாளன்று காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் பார்த்தால், அம்பு கிழக்குப் பக்கம் திரும்பியிருக்கும். ஏன்? இரண்டு தட்டுகளில் ஒரே உயரத்துக்கு ஒன்றில் உலர்ந்த மணலும் மற்றொன்றில் தண்ணீரும் எடுத்து, வெப்பமானிகளை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே புதைத்து, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். மணல் வெகுவாகச் சூடேறியிருக்கும். நிழலுக்கு மாற்றினால் மணல்தான் முதலில் ஆறும். ஒரே எடையுள்ள நீருக்குத் தேவையான வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மணலுக்குப் போதும். பகலில் தரை கொதித்து அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று வருகிறது. மெரினாவில் மாலையில் முகத்தில் அடிப்பது அதுவே.

உள்நாட்டுக் குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் இந்த அம்பு நாள் முழுவதும் மேற்கையே காட்டிக்கொண்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று அது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இப்படி இன்னொரு கணவாயின் வாசலில்தான்.

வானவில்லும் இடியும்

வானவில்லுக்குச் செடிக்கு நீர் தெளிக்கும் பாட்டில் போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, முன்னால் இருண்ட பின்னணியில் மெல்லிய தூறலாகத் தெளிக்க வேண்டும். நேரம் முக்கியம். சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வானத்தில் வில் தெரியாது. குழந்தைக்கு எளிய அடையாளம்: உன் நிழல் உன்னைவிட நீளமாக இருக்க வேண்டும். சென்னையில் மார்கழி நண்பகலில்கூடச் சூரியன் 50 டிகிரிக்கு மேல்தான் நிற்கிறது. ஆகவே அங்கே நண்பகல் வானவில்லை வானத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. மாலை என்றால் கிழக்கே, காலை என்றால் மேற்கே தேடுங்கள்.

சித்திரை, வைகாசி மாலைகளில் இடி இடிக்கும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்தபடி மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணுங்கள். மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மழை மேகம் நெருங்குகிறது. இடி காதில் விழுந்த பிறகு மாடியிலோ மரத்தடியிலோ நிற்க அனுமதிக்கவே கூடாது, துணி எடுக்கவும்கூட.

விட்டுவிடக்கூடியவை

பாட்டில் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, உறிஞ்சுகுழலை ஒட்டி, காற்றழுத்தமானி என்று சொல்லும் சோதனை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. பாட்டில் காற்று 1 டிகிரி சூடானாலே உள்ளழுத்தம் 3 மில்லிபாருக்கு மேல் கூடிவிடும். நம் ஊரில் புயல் நெருங்காத நாட்களில் காற்றழுத்தம் மாறுவதே சில மில்லிபார்தான். ஆக, அது காட்டுவது அறையின் வெப்பத்தை. வெப்பமானி என்று பெயர் மாற்றிச் செய்தால் தவறில்லை.

பலூனைத் தலைமுடியில் தேய்த்து மின்னூட்டம் காட்டுவதைக் குளிர்சாதன அறையிலோ, தை மாதத்து உலர்ந்த இரவிலோ செய்யுங்கள். இரண்டு பாட்டில்களை வாயோடு வாய் ஒட்டிச் சுழற்றும் "புயல்" பார்க்க அழகு. ஆனால் அது சுழலும் திசை உங்கள் கை சுழற்றிய திசை. வங்காள விரிகுடாப் புயல்கள் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. அதை ஒரு பாட்டிலில் காட்ட முடியாது.

நோட்டு

ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். வானம் எப்படி இருந்தது என்று ஒரு படம், டப்பாவின் அளவு, அம்பின் திசை, டம்ளர் மங்கிய எண். எழுதத் தெரியாத வயதில் படம் மட்டும் போதும்.

கடைசிப் பத்தி பாட்டிக்கு. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறினால் மழை என்பார்கள். நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். தட்டான் தாழப் பறந்த நாளுக்கு ஒரு குறி, அடுத்த 24 மணி நேரத்தில் டப்பாவில் தண்ணீர் இருந்தால் இன்னொரு குறி. முக்கியமாக, தட்டான் பறக்காமலேயே மழை பெய்த நாட்களையும், பறந்தும் பெய்யாத நாட்களையும் விடாமல் குறிக்கவையுங்கள். கார்த்திகை முடிந்ததும் நான்கு வகையையும் குழந்தையே எண்ணிப் பாட்டியிடம் காட்டட்டும்.